மார்கழியில் குட்டைக்கு மூச்சு முட்டுகிறது

மார்கழி பிறக்கும்போது திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஏரிகளும் தாங்கல்களும் பண்ணைக் குட்டைகளும் நீர் நிறைந்து நிற்கும். சம்பா கதிர் முற்றும் நேரம். நவரை நாற்றங்காலுக்கு நிலம் தயாராகும் நேரம். இந்த நாளில் குட்டையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தண்ணீர் இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குட்டையில் வாழும் மீனுக்கும் தவளைக்கும் ஆண்டில் ஆபத்தான காலங்கள் இரண்டு. ஒன்று நீர் வற்றும் சித்திரை, வைகாசி. மற்றொன்று, பலரும் அறியாத இந்தப் பனிக்காலம்.

குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக் குளங்கள் மேலே பனிக்கட்டியாக உறைந்துவிடும். அடியில் 4 டிகிரி வெப்பத்தில் நீர் உறையாமல் இருப்பதால் மீன்கள் அங்கே பிழைத்துக்கொள்ளும். அவற்றைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று, மூடிதான். பனிக்கட்டி பல நாள் குளத்தை மூடிக் கிடந்தால் காற்று உள்ளே போகாது; அடியில் அழுகும் இலைச் சருகுகளின் கெட்ட வாயு வெளியே வராது. ஆகவே அந்நாட்டவர் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, ஒரு துளை உருகச் செய்து குளத்துக்கு வாய் திறந்து விடுகிறார்கள். கட்டையால் அடித்து உடைப்பதில்லை. அந்த அதிர்ச்சி மீன்களைத் தாக்கும்.

நமது மாவட்டத்தில் மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். உதகையில்கூடப் புல் மீது உறைபனி படியுமே தவிர ஏரி உறைவதில்லை. அதனால் நம் குட்டைகளுக்கு மூடி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நம் மூடி பச்சை நிறத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஆகாயத்தாமரை.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் களை, சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். மழை வெள்ளம் வயல் உரத்தையும் தொழு எருவையும் குட்டைக்கு அடித்து வந்த பிறகு அதற்குக் கொண்டாட்டம்தான். மார்கழிக்குள் கரைக்குக் கரை மூடிவிடும். வெயில் உள்ளே புகாது. நீரிலுள்ள பாசி பிராணவாயுவை உண்டாக்காது. விரால், பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கி வாழ்பவை. மேற்பரப்பு அடைத்துக் கிடந்தால் சேற்றிலும் சாகாத அந்த மீன்களுக்கே தொல்லை.

மூடி இல்லாத குட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த நீர் உண்மையில் அதிகப் பிராணவாயுவைத் தாங்கும். ஆகவே குளிரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் மேகமும் மூடுபனியுமாக இருந்தால் பாசிக்கு வெயில் கிடைக்காது. இரவெல்லாம் மீனும் பாசியும் அழுகும் குப்பையும் இருக்கும் பிராணவாயுவைச் செலவழிக்கும். மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியில் கிடந்த கெட்ட நீர் மேலே வரும். விடியற்காலை 4 மணி முதல் 6 மணி வரை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். மீன் குளிர் காய வருகிறது என்று சில ஊர்களில் சொல்வார்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது!

அப்படிக் கண்டால் அன்றைக்குத் தீவனமும் சாணமும் போடக் கூடாது. பம்பு செட்டால் குட்டை நீரையே எடுத்து, உயரத்திலிருந்து குட்டையிலேயே சிதறி விழும்படி வெயில் ஏறும்வரை விட வேண்டும். மோட்டார் இல்லாதவர் மூங்கில் கழியால் நீரை அடித்துக் கலக்கலாம். அடிச்சேற்றைக் கிளறிவிடக் கூடாது.

இதே பருவத்தில் விராலுக்கும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உடலில் சிவந்த புண் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். 1988 முதல் இந்தியாவில் காணப்படும் பூஞ்சை நோய் அது. மழைக்குப் பின் நீர் குளிரும்போது தலை தூக்கும். ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ வேளாண் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளிப்பது நல்ல முன்காப்பு. நோய் வந்த பின் புவனேசுவரம் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கண்டுபிடித்த சிபாக்ஸ் மருந்து உண்டு. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நீரைப் பரிசோதிக்காமல் கண்டதையும் கொட்டுவதைவிட அங்கே ஒரு நடை போய்க் கேட்பது நல்லது.

மீன் வளர்க்காதவர், நமக்கென்ன என்று கேட்கலாம். குட்டையில் மீன் மட்டுமா இருக்கிறது? ஐப்பசி மழையில் தவளை இட்ட முட்டைகள் தலைப்பிரட்டையாகி, மார்கழி, தை மாதங்களில் குட்டித் தவளையாகக் கரையேறுகின்றன. நவரைப் பயிரில் தத்துப்பூச்சியையும் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியையும் தின்னப்போவது அவைதான். தட்டானின் இளம்பருவம் நீரில் கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. ஒரு காலத்தில் தவளைக் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தோம். அதனால் வந்த கேட்டை உணர்ந்துதான் 1987-இல் அரசு தடை விதித்தது. கடலைத் தாண்டிப் போகாமல் காத்த தவளையை நம் குட்டையிலேயே மூச்சு முட்டிச் சாக விடுவது எந்த ஊர் நியாயம்?

பண்ணைக் குட்டை வெட்டுவோரிடமும், வெட்டச் சொல்லும் துறையினரிடமும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். எத்தனை கன மீட்டர் என்பதே கணக்காகிவிட்டது. நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், அடியில் பாலிதீன் தாள். வழுக்கும் தாளில் ஏற முடியாமல் குட்டித் தவளையும் ஓணானும், சில நேரம் ஆட்டுக்குட்டியும் சாகின்றன. தொழிற்பேட்டைக்கும் மனைகளுக்கும் சவுடு மண் எடுத்த பள்ளங்களும் இதே ரகம். ஒரு மூலையையாவது சரிவாக வெட்டினால் என்ன குறைந்துவிடும்? ஏற்கெனவே வெட்டியிருந்தால் பழைய சாக்கையோ தென்னங்கயிற்று வலையையோ கரையில் முளை அடித்துக் கட்டி நீருக்குள் தொங்கவிடலாம். செலவு ஏதுமில்லை.

தொழிற்சாலைகளை ஒட்டிய தாங்கல்களில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதுவும் ஒரு மூடியே. அங்கே நீரை அடித்துக் கலக்கிப் பயனில்லை. சுத்தமான பாட்டிலில் நீர் எடுத்து, நாளும் இடமும் எழுதி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். அதே கையோடு, மருந்து அடித்த தெளிப்பானைக் குட்டையில் அலசும் வழக்கத்தையும் நாம் விட வேண்டும்.

நவரைக்கு நீர் இறைப்பதில்தான் உழவருக்கு உண்மையான சங்கடம். பயிர் காய்கிறபோது தவளையைப் பார் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குட்டையின் ஒரு மூலையில் 10 அடிக்கு 10 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு மடு தோண்டினால் அதில் நிற்கும் நீர் சுமார் 8,500 லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை நீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். மடுவில் விடும் நீர் ஒரு பாய்ச்சலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நீர் கோடையிலும் கொஞ்ச நாள் நின்றால் அடுத்த மழைக்கு வேண்டிய மீனும் தவளையும் தப்பிக்கும். பாலிதீன் தாள் இல்லாத குட்டையில் ஆனி மாதம் தரை காய்ந்திருக்கும்போது தோண்டுவது எளிது.

உறைந்துபோன வடக்கு நாட்டு நீர்நிலைகளை விட்டு நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இந்த மாதங்களில் பழவேற்காடு ஏரிக்கு வருகின்றன. திறந்த நீரைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வர அவற்றுக்குச் சிறகு இருக்கிறது. குட்டை மீனுக்கு அது இல்லை.

ஆகாயத்தாமரையைக் கையால்தான் வார வேண்டும். களைக்கொல்லி அடித்தால் அத்தனையும் ஒன்றாக அழுகி, மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். ஒரே நாளில் வாராமல் நாலைந்து தடவையாக வாரலாம். ஆம்பலும் கோரையும் கரையோரம் கொஞ்சம் நிற்கட்டும். குஞ்சுகளுக்கு ஒளிய இடம் வேண்டும். வாரிய களையை உடனே எருக்குழிக்குக் கொண்டுபோகாமல் ஓர் இரவு நீரின் விளிம்பிலேயே குவித்து வையுங்கள். வேரில் சிக்கிய மீன் குஞ்சும் தலைப்பிரட்டையும் தட்டான் பூச்சியின் இளம்பருவமும் விடிவதற்குள் பெரும்பாலும் நீருக்குத் திரும்பிவிடும்.