மட்டராசியா, கிரிகரியா? ஆவடி லோக்கலில் ஒரு பட்டிமன்றம்

நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் முடிந்ததும் பெரியமேடு வழியாக நடந்து போய், மூர் மார்க்கெட் வளாகத்தில் ஆவடி லோக்கலைப் பிடிக்கும் நீல ஜெர்சிக் கூட்டம் ஒன்று உண்டு. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் கூட்டம். சென்னையின் எஃப்.சி. ஜெயித்திருந்தால் பாட்டு. தோற்றிருந்தால் பஞ்சாயத்து. அந்தப் பஞ்சாயத்து எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். இதுவரை வந்த கோச்சுகளில் பெரிய ஆள் யார்?

வழக்கமாக ரயில் பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் இரண்டு கட்சிகள் பிரிந்துவிடும். ஒன்று மார்கோ மட்டராசி கட்சி. இன்னொன்று ஜான் கிரிகரி கட்சி. ஓரமாக நின்றுகொண்டு "கோய்லை மறந்துட்டீங்களே மச்சான்" என்று மூன்றாவதாக ஒருவர் குரல் கொடுப்பார். பிறகு அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி தீர்ப்பு.

சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் என்ன?

முதலில் இரண்டு கட்சிக்கும் பொதுவானவை. மட்டராசி ஒரு கோப்பை வாங்கித் தந்தார் (2015). கிரிகரியும் ஒரு கோப்பை (2017-18). மட்டராசியின் இறுதிப் போட்டி கோவாவில், எஃப்.சி. கோவாவுக்கு எதிராக. கிரிகரியின் இறுதிப் போட்டி பெங்களூரில், பெங்களூரு எஃப்.சி.க்கு எதிராக. அதாவது இரண்டுமே எதிராளியின் சொந்த மைதானத்தில். இரண்டுமே 3-2. இதைவிட வேடிக்கை, ஐ.எஸ்.எல். லீக் சுற்றில் இருவரும் நடத்திய ஆட்டங்கள் சரியாக 42, 42. சமமான தராசு இப்படி அமைவது அபூர்வம். யாரோ தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்த மாதிரி இருக்கிறது :-)

கிரிகரி கட்சியின் வாதம் வலுவானது. 2016இல் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்த அணியைத்தான் 2017இல் அவர் கையில் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 32 புள்ளிகள், பட்டியலில் இரண்டாவது இடம். அரையிறுதியில் கோவாவை அங்கே 1-1, இங்கே 3-0. நேரு ஸ்டேடியத்தில் விழுந்த அந்த மூன்றில் ஒன்றைப் போட்டவர் வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ். (வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது இந்தப் பேச்சு வந்தால் பெட்டியே கை தட்டும்.) 2018 மார்ச் 17 அன்று இறுதிப் போட்டி. லீக்கில் 40 புள்ளிகள் எடுத்து எல்லோரையும் மிதித்துவிட்டு வந்த பெங்களூரு. ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல். அதிலிருந்து மீண்டு, கார்னரில் வந்த பந்துகளை மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி வலைக்குள் தள்ளியதும், ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதைப் போட்டதும் இங்கே யாருக்கும் மறக்காது.

மட்டராசி கட்சிக்கு 2015 போதும். பத்து ஆட்டங்கள் முடிந்தபோது மூன்று வெற்றி, ஒரு டிரா, ஆறு தோல்வி. அணி கடைசி இடத்தில். மிச்சமிருந்த நான்கையும் ஜெயித்தால்தான் உயிர். நான்கையும் ஜெயித்தது. டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்கள் நனைந்து நின்ற நாட்கள் அவை. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரும் இல்லை, சொந்தக் கூட்டமும் இல்லை. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது சென்னை. டிசம்பர் 20 இறுதிப் போட்டியில் 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலைக்குப் போனது. அப்புறம் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கையால் ஒரு சுய கோல், கூடுதல் நேரக் கணக்கில் மெண்டோசா ஒரு கோல். முடிந்தது கதை.

இப்படிக் கதைக்குக் கதை வைத்துப் பேசினால் ஆவடி என்ன, அரக்கோணம் வரை போனாலும் முடியாது. கோப்பை நாள் என்பது ஒரு நாள். ஒரு நாள் வரவை வைத்துக் கடையின் நிலவரத்தைச் சொல்லிவிட முடியுமா? ஆயுத பூஜைக்கு முதல் நாள் பொரிகடலைக் கடை வியாபாரத்தைப் பார்த்துவிட்டு வருஷம் முழுக்க இப்படித்தான் என்று கடன் கொடுப்பவர் யாரும் இல்லை.

அதனால் லீக் கணக்கு. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1.

மட்டராசி: 2014இல் 23 (பட்டியலில் முதலிடம்), 2015இல் 22, 2016இல் 15. மொத்தம் 42 ஆட்டங்களில் 60 புள்ளிகள். சராசரி 1.43.

கிரிகரி: 2017-18இல் 32, 2018-19இல் 9 (கடைசி இடம்), 2019-20இல் ராஜினாமா செய்யும் வரை 6 ஆட்டங்களில் 5. மொத்தம் 42 ஆட்டங்களில் 46. சராசரி 1.10.

ஓவன் கோய்ல்: 2019-20இல் பாதியில் வந்து 12 ஆட்டங்களில் 24, 2023-24இல் 22 ஆட்டங்களில் 27, 2024-25இல் 24 ஆட்டங்களில் 27. மொத்தம் 58 ஆட்டங்களில் 78. சராசரி 1.34.

14 புள்ளி வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதே 42 ஆட்டங்களில் அது ஏறக்குறைய ஐந்து வெற்றிகளின் மதிப்பு. 18 ஆட்டங்களில் 13 தோல்வி என்ற அந்த 2018-19ஐ கிரிகரி கட்சிக்காரர்கள் பேச்சில் லேசாகத் தாண்டிப் போய்விடுவார்கள். கோப்பை வென்ற கோச்சிடமே, கோப்பை வென்ற அடுத்த வருஷமே நடந்தது அது. சூப்பர் கப் இறுதிப் போட்டி வரை போனார்களே என்பார்கள். போனார்கள். அங்கேயும் கோவாவிடம் 1-2.

கோய்ல் விஷயம் தனி. 12 ஆட்டங்களில் இரண்டே தோல்வி, ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு புள்ளி. சென்னை அணி விளையாடியதிலேயே பார்க்க அழகான மூன்று மாதம் அதுதான் என்று எதிர்க்கட்சியே ஒப்புக்கொள்ளும். ஆனால் 2020 மார்ச் 14 இறுதிப் போட்டி, கொரோனா காரணமாக ஆளில்லாத ஸ்டேடியத்தில், ஏ.டி.கே.யிடம் 1-3. அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது முதல் வருஷம் ஆறாவது, அடுத்த வருஷம் பதினொன்றாவது. முதல் காதல் இரண்டாவது முறை அப்படியே வாய்ப்பதில்லை.

புள்ளிக்கணக்கு ஒரு பக்கம்தான். லாப நட்டக் கணக்கு மாதிரி. அது அந்த வருஷத்தோடு முடிந்துபோகும். எதை வாங்கி எதை விட்டுவிட்டுப் போனார் என்பதைச் சொல்வது பேலன்ஸ் ஷீட். கிளப் பெரிய ஆள் யார் என்பதற்கு அதைத்தான் பார்க்கவேண்டும்.

2014இல் மட்டராசியிடம் கிளப் கொடுத்தது ஒரு பெயரும் ஒரு ஜெர்சியும். அணியே கிடையாது. அவருக்கும் அதற்கு முன் கோச் அனுபவம் கிடையாது. (ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவர் என்றுதான் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்.) அந்த வெறுங்கையிலிருந்து முதல் வருஷமே லீக்கில் முதலிடம்.

2018 இறுதிப் போட்டியின் கோல்களை இன்னொரு முறை பாருங்கள். மூன்று கோல்களும் ஆல்வெஸ், அகுஸ்டோ இருவர் போட்டவை. இருவருமே மட்டராசியின் 2015 கோப்பை அணியில் விளையாடியவர்கள். அன்று இடது பக்கம் ஆடிய ஜெர்ரி லால்ரின்ஸுவாலா யார்? மட்டராசியின் 2016 அணியில் 18 வயதில் இறங்கி, அந்த சீசனின் வளரும் வீரர் விருதை வாங்கிய பையன். பின்னாளில் சென்னை கேப்டனான அனிருத் தாபாவும் அதே 2016இல் 18 வயதில் வந்தவர்தான்.

ஆக, மட்டராசியின் "தோல்வி வருஷம்" என்று எல்லோரும் கழித்துக்கட்டும் 2016தான் அடுத்தவரின் கோப்பைக்கு முதலீடு. புள்ளிப் பட்டியலில் நட்டம் எழுதிய வருஷத்தில்தான் சொத்து சேர்ந்திருக்கிறது. கிரிகரி அந்தச் சொத்தை நன்றாகப் பயன்படுத்தினார். தனபால் கணேஷை நடுக்களத்தில் நம்பி வைத்தார். அந்தப் பெருமையை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் அவர் போகும்போது அணி ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு நின்றது.

சராசரியிலும் மட்டராசி. வாங்கியதையும் விட்டுச் சென்றதையும் கழித்துப் பார்த்தாலும் மட்டராசி. கோப்பையில் சமம். தீர்ப்பு எழுதச் சொன்னால் வேறு பெயர் எழுத முடியாது.

எதிர்த்து ஒன்று கேட்கலாம். எலானோ, மெண்டோசா மாதிரி ஆட்கள் இருந்தால் யாரும் ஜெயிப்பார்களே? 2014இல் எலானோ 8 கோல், 2015இல் மெண்டோசா 13 கோல், இரண்டு வருஷமும் அதிக கோல் விருது சென்னைக்கு. உண்மைதான். ஆனால் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு காணாமல் போன ஐ.எஸ்.எல். அணிகளும் நிறைய உண்டு. கடைசி இடத்திலிருந்து நான்கை ஜெயிக்க வைப்பதை மெண்டோசா ஒருவர் மட்டும் செய்துவிட முடியாது.

இந்தப் பட்டிமன்றத்தில் யாருமே பெயர் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். சாபா லாஸ்லோவும் (2020-21) போஸிதார் பாந்தோவிச்சும் (2021-22) கொரோனாவால் எல்லா ஆட்டங்களையும் கோவாவிலேயே நடத்தினார்கள். சென்னைக் கூட்டத்தின் முன்னால் ஒரு ஆட்டம்கூட இல்லை. ரசிகன் கண்ணால் பார்க்காத கோச் ரசிகன் மனதில் இருப்பதே இல்லை. பாந்தோவிச் போன பிறகு மிச்ச ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சையத் சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணியில் இருந்தவர், நம்ம ஊர் ஆள், கிரிகரி காலத்து உதவிப் பயிற்சியாளர். அவருக்குக் கிடைத்தது "இடைக்காலம்" என்ற ஒட்டுதான்.

இன்னொருவர் அக்பர் நவாஸ். சிங்கப்பூர்க்காரர். 2018-19இல், கிரிகரியின் அணி கடைசி இடத்தில் கிடந்த அதே சீசனில், சென்னை சிட்டி எஃப்.சி.யை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். பிளே-ஆஃப் கிடையாது, சீசன் முழுக்க ஓடி வாங்கிய பட்டம். பெயரில்தான் சென்னை, ஆடியது கோயமுத்தூரில். அந்த கிளப்பே இன்று களத்தில் இல்லை. கிளப் இல்லாமல் போனால் நினைவு வைத்திருக்க ரசிகனும் இல்லை.

கொல்கத்தாவில் பி.கே. பானர்ஜியா, அமல் தத்தாவா என்று அப்பா கட்சி, பிள்ளை கட்சி பிரிந்து இன்றும் பேசுவார்கள். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால், தத்தாவின் மோகன் பகானை 4-1 என்று ஜெயித்ததைப் பார்க்க சால்ட் லேக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். இரண்டு கோச்சுகளின் மோதல் என்றே ஊர் அதைப் பேசியது. நம்மிடம் இருப்பது 2014இல் பிறந்த கிளப். நமக்கு இப்போதுதான் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் எதை வைத்து அளக்கிறோம் என்பது முக்கியம்.

ரசிகர்கள் பெரிய கோச் யார் என்று தேர்ந்தெடுப்பது பழைய கதைக்கு மார்க் போடுவது மட்டும் இல்லை. அடுத்து வருபவருக்குக் கேள்வித்தாள் போடுவதும் அதுதான். கோப்பை ஒன்றுதான் அளவு என்று சொல்லிவிட்டால், மூன்று தோல்விக்குப் பயப்படும் எந்தக் கோச்சும் 18 வயதுப் பையனை இறக்கமாட்டார். வெளிநாட்டிலிருந்து 33 வயது ஆள் ஒருவரைக் கொண்டுவந்து அந்த வருஷத்தை ஓட்டிவிட்டுப் போவார். நட்டம் யாருக்கு? வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் ஆவடியிலும் சாயங்காலம் புழுதியில் பந்து உதைத்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு.

மட்டராசியின் 2016ஐத் திட்டித் தீர்த்த அதே பெட்டிதான் 2018இல் ஜெர்ரி பேரைச் சொல்லிக் கத்தியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷப் பொறுமை ரசிகனிடம் இருந்தால், கிளப்பிடமும் வரும்.

அடுத்த முறை ரயிலில் இந்தப் பேச்சு வரும்போது, எத்தனை கோப்பை என்று கேட்பதற்கு முன் எத்தனை பையன்கள் என்று யாராவது ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். அம்பத்தூர் வருவதற்குள் பதில் கிடைத்துவிடும்.