ஓசூரின் ஜனத்தொகை

ஒரு நகரத்தில் எத்தனை ஜனங்கள் வசிக்கிறார்கள் என்பதை அறியாமலே அந்நகரத்தை நிர்வகிக்க முடியுமா? முடியாது என்றே எவரும் பதில் சொல்வர். ஆயினும் நமது ராஜ்யத்தின் வட மேற்கு எல்லையில் அதிவேகமாய் வளர்ந்து வரும் ஓசூர் நகரத்தின் நிர்வாகம் நெடுங்காலமாக இவ்வண்ணமே நடந்து வந்திருக்கிறது. இது ஓசூர்வாசிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று மற்றவர்கள் வாளாவிருத்தல் தகாது. வளரும் சிறு நகரங்கள் யாவற்றின் கதியும் இதுதான்.

ஓசூர் முன்னர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சிறிய தாலூகா நகரம். குளிர்ந்த காற்றுக்கும், கால்நடைப் பண்ணைக்கும், பிற்காலத்தில் ரோஜா மலர்களுக்கும் பெயர் பெற்றது. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1878-ல் பிறந்த தொரப்பள்ளி கிராமம் அதன் அருகில்தான் இருக்கிறது. 1970-க்குப் பின் சர்க்கார் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையை ஏற்படுத்திய பிறகு அதன் நிலைமை முற்றிலும் மாறியது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெரிய தொழிற்சாலைகளும், அவற்றை அண்டிப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் தோன்றின. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூர் நகரமும் தன் நெருக்கடியில் ஒரு பங்கை ஓசூருக்கு அனுப்பி வருகிறது.

இதன் பலன் என்ன? 2001-ல் ஓசூரின் ஜனத்தொகை ஏறக்குறைய 84 ஆயிரம். 2011-ல் அது 1,16,821. அதாவது பத்து வருஷங்களில் நூற்றுக்கு 38 வீதம் பெருகிற்று. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பெருகியது நூற்றுக்கு 16-க்கும் குறைவே. பிறப்பினால் மட்டும் ஒரு நகரம் இப்படிப் பெருகாது. பிழைப்பைத் தேடி வந்தவர்களால் பெருகியது என்பது தெளிவு. 2011-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் புருஷர்களுக்கு 996 ஸ்திரீகள் இருக்க, ஓசூரில் 968 பேரே இருந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு விட்டுத் தனியே வந்த ஆண்கள் பலர் என்பதை இந்த எண்ணே சொல்லாமற் சொல்கிறது. அதற்குப் பின் சுற்றுப்புறத்தில் எழுந்த புதிய மின்னணுத் தொழிற்சாலைகளிலோ வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஆகவே அந்த 968 இன்று என்ன ஆயிற்று என்று எவரும் கணக்கைக் காட்டிச் சொல்ல இயலாது.

மேலும், 1,16,821 என்பது பழைய எல்லைக்குரிய கணக்கு. பின்னர் மத்திகிரியும், ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி முதலிய அண்டைக் கிராமங்களும் நகரத்துடன் சேர்ந்தன. 2019-ல் ஓசூர் கார்ப்பரேஷன் ஆயிற்று. 2022-ல் அதன் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. வார்டு பிரித்ததும், மானியத் தொகை வகுத்ததும் 2011-ம் வருஷத்துக் கணக்கைக் கொண்டேயாகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொட்டிற் சட்டையை அளந்து தைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2013-ல் ஏற்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் தண்ணீர் ஓசூருக்கும் வருகிறது. ஆனால் அதைப் பருக எத்தனை வாய்கள் என்பதே தெரியாவிட்டால் எதை நம்பிப் பங்கிடுவது?

1881 முதல் 2011 வரையில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை இத்தேசத்தில் ஜனக் கணக்கு தவறியதில்லை. உலக யுத்தத்தின் நடுவிலும் 1941-ல் எடுத்தார்கள். 2021-ல்தான் முதன் முறையாகத் தவறிற்று. கொள்ளை நோயினால் முதலில் ஒத்திவைத்தது நியாயமே. நோய் ஒழிந்த பின்னும் வருஷக்கணக்கில் தாமதித்தது நியாயமன்று. 2027 மார்ச் 1-ந் தேதியை ஆதாரமாகக் கொண்டு கணக்கெடுப்பதென்று 2025 ஜூன் மாதத்தில்தான் அறிக்கை பிரசுரமாயிற்று.

1931-ல் நம் தேசபக்தர்கள் ஜனக் கணக்கைப் பகிஷ்கரித்ததை அரசியலில் ஈடுபட்டோர் அறிவர். அவ்வருஷம் ஜனவரி 11-ந் தேதியைப் பகிஷ்கார தினமாகவே காங்கிரஸ் கொண்டாடிற்று. அன்று எண்ணியவன் அந்நியன். எண்ணியது அவன் ஆட்சிக்காக. சுதந்திர நாட்டிலோ நாமே நம்மை எண்ணிக் கொள்கிறோம். அன்று பெயர் கொடாதிருப்பது தேச சேவை. இன்று ஒருவன் பெயரும் விடுபடாமற் பார்ப்பதே தேச சேவை.

“பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவர்களை ஏன் நம் ஊர்க் கணக்கில் ஏற்ற வேண்டும்?” என்று சிலர் கேட்கின்றனர். ஓசூர் என்றைக்குமே ஒரு பாஷை பேசிய ஊர் அன்று. தமிழும், தெலுங்கும், கன்னடமும், உருதுவும் அதன் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து ஒலித்தவை. அன்றியும், கணக்கில் ஏற்றுவது வேறு, வாக்குரிமை அளிப்பது வேறு. ஒரே அறையில் பத்துப் பேர் முறை வைத்து உறங்கும் தொழிலாளி இந்த ஊர்த் தண்ணீரையே குடிக்கிறான். இந்த ஊர்ச் சாக்கடையருகிலேயே வசிக்கிறான். அவனை எண்ணாது விட்டால் அவன் பருகும் தண்ணீர் குறையாது. நமக்கு வரவேண்டிய மானியந்தான் குறையும். அவனுக்கு வாந்திபேதி வந்தால் அது அடுத்த வீட்டாரின் பாஷையை விசாரித்துக் கொண்டு வராது.

ஆகவே கார்ப்பரேஷன் அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இதுவே. கணக்கெடுப்போர் தொழிலாளர் விடுதிகளுக்கும், தகரக் கொட்டகைகளுக்கும், கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் தவறாமற் செல்ல வேண்டும். அவர்களுடன் ஹிந்தி, ஒரியா பாஷைகள் அறிந்தோரையும் அனுப்புதல் அவசியம். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும் விடுதிச் சொந்தக்காரர்களிடம் கண்டிப்புக் காட்ட வேண்டும். சொல்லும் விவரம் எதுவும் வழக்கு மன்றத்தில் சாட்சியமாகாது என்று 1948-ம் வருஷத்துச் சட்டம் உறுதி கூறுவதைத் தொழிலாளிக்கு அவன் பாஷையிலேயே எடுத்துரைத்தால் அச்சம் நீங்கும்.

தொரப்பள்ளியில் பிறந்த அப்பெரியாரே 1917-ல் சேலம் நகரசபையின் தலைமைப் பதவியை ஏற்றுத் தெருவையும் குழாயையும் கவனித்த பிறகுதான் தேசத்தைக் கவனிக்கச் சென்றார். அவர் பிறந்த மண்ணிலுள்ள நகரம் தன் ஜனங்களை முதலில் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணப்பட்டவனுக்கே பங்கு உண்டு என்பது இக்கால நிர்வாகத்தின் நியதி. அந்தப் பங்கு ஒருவருக்கும் தவறாதபடி செய்வது ஊராரின் கடமை.