பை வெளியே, செல்போன் உள்ளே!

திருவெண்ணெய்நல்லூர் ஒரு வழக்குக்குப் பேர் போன ஊர்.

சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்றார். "இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை. இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். சுந்தரருக்குக் கோபம் வந்தது. ஓலையைப் பிடுங்கினார். கிழித்துப் போட்டார்.

முதியவர் விடவில்லை. "என் ஊர் திருவெண்ணெய்நல்லூர். அங்கே வா, வழக்குப் பேசுவோம்" என்றார். சபை கூடியது. "கிழிந்தது நகல். மூல ஓலை இதோ" என்று முதியவர் எடுத்துக் காட்டினார்.

சபையோர் அதைப் பார்த்தவுடன் நம்பிவிடவில்லை. பாட்டன் கைப்பட எழுதிய வேறு ஓர் ஓலையை வரவழைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்து ஒத்து இருந்தது. சுந்தரர் தோற்றார். வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய புராணம் சொல்லும் கதை இது.

இதே மாதிரி ஒரு வழக்கு நம் காலத்திலும் நடந்தது. இடம், ஆஸ்திரேலியா. அங்கேயும் ஒரு சீட்டு வந்தது. அங்கேயும் சிவபெருமான்தான் சம்பந்தப்பட்டார். சாட்சி சொன்னது ஒரு பழைய போட்டோ.

அந்த வழக்கைப் பார்க்கும் முன்னால், வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் வாசலைத் தாண்ட வேண்டும். அது அவ்வளவு சுலபம் அல்ல!

வாசலில் தகராறு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இருந்து இப்போது வெளிநாடு போகிறவர்கள் பலர். மகன் சிங்கப்பூரில் இருப்பான். மகள் லண்டனில் இருப்பாள். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தாத்தாவும் பாட்டியும் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால், "மியூசியம் பார்த்து வரலாம்" என்று மகன் அழைத்துப் போவான்.

பாட்டி வெறும் கையோடு புறப்பட மாட்டார். ஒரு தூக்குப் பையில் புளிச்சோறு. தண்ணீர் பாட்டில் இரண்டு. குழந்தைக்கு மாற்று உடை. முதுகில் மாட்டும் பையை மகன் சுமப்பான். வாசலில் காவலர் கையைக் காட்டி நிறுத்துவார்.

"நம்மைப் பார்த்தால் திருடர் மாதிரியா இருக்கிறது?" என்று பாட்டிக்கு மனம் சுருங்கும்.

வருத்தப்படத் தேவை இல்லை. அங்கே எல்லோரையும் நிறுத்துகிறார்கள். பாரிஸ் நகரத்து லூவர் மியூசியத்தில் 55 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 20 கனம் என்று பைக்கு அளவு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய விமானத்தில் கையோடு கொண்டு போகும் பெட்டியின் அளவு. அதற்கு மேல் பெரிய பை உள்ளே போகாது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், சக்கரம் வைத்த பெட்டியை உள்ளே விடுவது இல்லை. லண்டனில் உள்ள நேஷனல் காலரி என்ற ஓவியக் காட்சிசாலை 2024 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போனது. தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டது. குழந்தைக்குப் பாலும், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் மட்டும் போகலாம்.

தண்ணீர் என்ன பாவம் செய்தது? 2022-ம் ஆண்டு அக்டோபரில் இரண்டு பெண்கள் அந்தக் காட்சிசாலைக்குள் தக்காளி சூப் கொண்டு போனார்கள். வான்கோ வரைந்த சூரியகாந்திப் படத்தின் மீது ஊற்றினார்கள். எண்ணெய்க் கம்பெனிகளை எதிர்த்து அவர்கள் நடத்திய கிளர்ச்சி அது. படத்தின் முன்னால் கண்ணாடி இருந்ததால் படம் தப்பியது. அதே கட்டிடத்தில் 1914-ம் ஆண்டில் ஒரு பெண் உடைக்குள் வெட்டுக்கத்தியை மறைத்துக் கொண்டு போய், விலை மதிப்பு இல்லாத ஓவியம் ஒன்றைக் கீறியதும் உண்டு. பெண்களுக்கு ஓட்டு உரிமை கேட்ட காலம் அது. ஆக, பைக்கும் உடைக்கும் சோதனை நேற்று வந்தது அல்ல.

ஆனால் வேண்டும் என்று கெடுப்பவர்கள் சிலரே. தெரியாமல் கெடுப்பவர்கள்தான் அதிகம்.

கால் இடறியது

2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தைவான் நாட்டின் தைபே நகரத்தில் ஓவியக் கண்காட்சி. 12 வயதுப் பையன் ஒருவன் கையில் குளிர்பானத்துடன் நடந்து வந்தான். கால் இடறியது. விழாமல் இருக்கக் கையை ஊன்றினான். ஊன்றிய இடம், 300 ஆண்டுக்கு மேற்பட்ட ஓர் இத்தாலிய ஓவியம்! துணியில் ஓட்டை விழுந்துவிட்டது. பையன் திகைத்து நின்றான். (அவனையோ அவன் பெற்றோரையோ பணம் கேட்கவில்லை. ஓவியம் இன்ஷூர் செய்யப்பட்டு இருந்தது.)

2025 ஜூன் மாதம் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து உபீசி காட்சிசாலையில் நடந்தது இதைவிட வேடிக்கை. படத்தில் ஓர் இளவரசர் நிற்கிறார். அவர் மாதிரியே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒருவருக்கு ஆசை. பின்னால் நகர்ந்தார். தடுக்கியது. படத்தின் மேலேயே சாய்ந்தார். இளவரசரின் பூட்ஸ் பக்கம் கிழிந்துவிட்டது.

முதுகுப் பைக்கு உள்ள ஆபத்தும் இதுதான். நமக்கு முதுகில் கண் இல்லை. திரும்பும்போது பையும் திரும்புகிறது. பின்னால் இருப்பது ஆயிரம் ஆண்டு ஜாடியா, ஆளா என்பது பைக்குத் தெரியாது. அதனால்தான் சிறிய பையாக இருந்தாலும், "முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்" என்று பல இடங்களில் சொல்கிறார்கள். சோற்று மூட்டையைத் தடுப்பதற்கும் காரணம் உண்டு. பருக்கை சிந்தினால் எறும்பு வரும், பூச்சி வரும். பூச்சி பிறகு பழைய துணியையும் மரத்தையும் தேடும்.

பையை வைக்க வாசலிலேயே பெரும்பாலும் இடம் இருக்கும். டோக்கன் தருவார்கள். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்துவிடலாம். பெட்டியோடு நேரே ரெயில் நிலையத்தில் இருந்து வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். பெரிய பெட்டியை மியூசியத்தில் வாங்கி வைக்க மாட்டார்கள். அதை ஓட்டலிலோ ரெயில் நிலையத்திலோ விட்டுவிட்டு வர வேண்டும்.

இவ்வளவு சோதனையும் வாசலோடு சரி. 2025-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி லூவரில் நகைகளை அள்ளிச் சென்ற திருடர்கள் வாசல் வழியாக வரவில்லை. ஏணி வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக ஏறினார்கள்!

செல்போன் மட்டும் எப்படி?

பாட்டிக்கு வியப்பாக இருப்பது வேறு. பையைத் தடுத்தவர்கள் செல்போனைத் தடுக்கவில்லையே!

நம் ஊரில் நிலைமை நேர் எதிர். அர்ச்சனைக் கூடை உள்ளே போகும். செல்போன் வெளியே நிற்கும். கோவில்களின் தூய்மையையும் அமைதியையும் காக்க, தமிழ்நாட்டுக் கோவில்களில் செல்போனைத் தடை செய்யும்படி சென்னை ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோவில் பற்றி வந்த வழக்கில் பிறந்த உத்தரவு அது. அதன் பிறகு பெரிய கோவில்களின் வாசலில் செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிப் போகிறார்கள்.

இதில் தவறு இல்லை. கோவிலில் இருப்பது கடவுள். கும்பிட வந்தவர் கும்பிட வேண்டும். மியூசியத்தில் அதே விக்கிரகம் பார்வைப் பொருள். பார்க்க வந்தவர் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். எல்லா இடத்திலும் அல்ல. ரோமாபுரியில் வாட்டிகன் மியூசியத்துக்குள் படம் எடுக்கலாம். ஆனால் அதற்குள்ளேயே இருக்கும் சிஸ்டைன் ஆலயத்தில் கூடாது. அது இன்றும் ஆலயம். நம் ஊர் நியாயம்தான் அங்கேயும்.

படம் எடுக்கும்போது பிளாஷ் வெளிச்சம் கூடாது என்பார்கள். பட்டுப் புடவையை யாராவது வெயிலில் காயப் போடுவார்களா? வெளிச்சம் பட்டுப் பட்டுச் சாயம் மங்கும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். செல்போனை மாட்டி நீட்டும் கம்பையும் 2015-ம் ஆண்டில் பல பெரிய மியூசியங்கள் தடை செய்துவிட்டன.

உள்ளே போன செல்போன் என்ன வேலை செய்யும் என்பதில்தான் நமக்குச் சொந்தமான விஷயம் இருக்கிறது.

விருத்தாசலத்துச் சிலை

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கலைக்கூடத்தில் ஓர் அர்த்தநாரீசுவரர் சிலை இருந்தது. கல்லால் ஆனது. பாதி ஆண், பாதி பெண். சோழர் காலத்து வேலைப்பாடு. 2004-ம் ஆண்டில் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் இருந்து 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அதோடு ஒரு சீட்டும் வந்தது. 1970-ம் ஆண்டிலேயே டெல்லி கடையில் விற்கப்பட்ட சிலை என்று அது சொல்லியது.

ஏன் 1970? அங்கேதான் சூட்சுமம். களவு போன கலைப் பொருளை வாங்கவோ விற்கவோ கூடாது என்று யுனெஸ்கோ சபையில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தது 1970-ல். இந்தியாவில் பழம்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போன பொருள் என்றால் கேள்வி குறைவு. அதனால் கள்ளச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு இந்த ஆண்டுகளின் மேல் தனிப் பிரியம்!

சிலை இருந்த இடமோ, திருவெண்ணெய்நல்லூருக்குத் தெற்கே, பக்கத்து மாவட்டமான கடலூரில் உள்ள விருத்தாசலம். விருத்தகிரீசுவரர் கோவிலின் வெளிச்சுவர் மாடத்தில் இருந்தது. அதைப் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் படம் எடுத்து வைத்திருந்தார்கள். 1955-ல் தொடங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டுக் கோவில் கோவிலாகப் போய் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் அங்கே இருக்கின்றன. விருத்தாசலத்துச் சிலை 1974-ம் ஆண்டுப் படத்தில் மாடத்திலேயே நிற்கிறது.

1970-ல் டெல்லியில் விற்ற சிலை 1974-ல் விருத்தாசலத்தில் எப்படி நிற்கும்?

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கல்லின் சேதம், மூளி, மடிப்பு எல்லாம் ஒத்து இருந்தன. சீட்டு தோற்றது. 2014 செப்டம்பர் 5-ந் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைப் பிரதமர் நரேந்திர மோடியிடம் கொடுத்தார். கான்பெரா மியூசியம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரும் அன்றே வந்து சேர்ந்தார். கபூருக்குக் கும்பகோணம் கோர்ட்டு 2022 நவம்பரில் வேறொரு சிலை வழக்கில் 10 ஆண்டு தண்டனை விதித்தது.

அதே ஸ்ரீபுரந்தான் கோவிலின் உமா பரமேசுவரி விக்கிரகத்தைச் சிங்கப்பூர் ஆசிய நாகரிக மியூசியம் 2007-ல் வாங்கியது. அதையும் திருப்பித் தருவதாக 2015-ல் அறிவித்தது. சிங்கப்பூரில் நம்மவர் எத்தனை பேர் அந்த அம்மனின் முன்னால் நின்று, "எந்த ஊர் அம்மனோ!" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள்!

இந்த வேலையில் போலீசார் மட்டும் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்த எஸ்.விஜயகுமார் போன்றவர்கள் ஓய்வு நேரத்தில் வெளிநாட்டு மியூசியப் படங்களையும் பாண்டிச்சேரிப் படங்களையும் ஒப்பிட்டு வந்தார்கள். கையில் இருந்த ஆயுதம் போட்டோதான்.

ஆகவே பேரன் செல்போனை எடுக்கும்போது, தாத்தாவையும் பாட்டியையும் சிலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுக்கட்டும். அது வீட்டுக்கு. அடுத்த படம் சிலைக்கு அருகில் உள்ள விவரப் பலகை. அதில் சிலையின் பெயரோடு ஓர் எண் இருக்கும். வாங்கிய ஆண்டும், கொடுத்தவர் பெயரும் பல இடங்களில் இருக்கும். பிறகு சிலையின் முகம், பீடம், முடிந்தால் முதுகுப்புறம். பீடத்தில் எழுத்து இருந்தால் அது தெளிவாக விழ வேண்டும். உடைந்த விரலும் தேய்ந்த மூக்கும் அழகு இல்லை என்று விட்டுவிடக் கூடாது. ஒரு சிலையை இன்ன சிலை என்று காட்டிக் கொடுப்பது அந்தக் குறைகள்தான்.

இதற்காக, அங்கே இருப்பதெல்லாம் திருட்டுச் சிலை என்று காவலரிடம் சண்டை போடக் கூடாது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் போனவை உண்டு. முறையாக விற்கப்பட்டவையும் உண்டு. பலகையில் பழைய ஆண்டு எழுதியிருப்பதால் மட்டும் நல்ல சரக்கு என்றும் சொல்ல முடியாது. திருட்டு என்றும் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு படம் வேண்டும்.

அந்தப் படம் எங்கே இருந்து வரும்? கோவிலில் இருந்துதான் வர வேண்டும். பக்தர் செல்போனை வெளியே வைத்துவிட்டார். சரி. அப்படியானால் கோவிலில் உள்ள ஒவ்வொரு விக்கிரகத்தையும், மாடத்துக் கல் சிலையையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவு எழுதிப் பத்திரப்படுத்தும் பொறுப்பு முழுவதும் அறநிலையத் துறையின் தலையில் விழுகிறது. பூட்டிக் கிடக்கும் சின்னக் கோவிலுக்கும் ஆள் போக வேண்டும். கள்வன் முதலில் போவது அங்கேதான். பிரெஞ்சுக்காரர்கள் அன்று காமிராவோடு அலையாமல் இருந்திருந்தால் விருத்தாசலத்துச் சிலைக்குச் சாட்சி இல்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் மியூசியத்தில் ஒரு திருமங்கை ஆழ்வார் இருந்தார். 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. 1957-ம் ஆண்டுப் பாண்டிச்சேரிப் படம் ஒன்றில் அந்த ஆழ்வார் கும்பகோணம் பக்கத்தில் சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் இருக்கிறார். 2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஆழ்வாரைத் திருப்பித் தரச் சம்மதித்தது.