கடற்கரை இலையும் மதுவத்தின் பசியும்

'இயற்கை' என்னும் சொல்லைப் போல இன்று ஆராய்வின்றி வழிபடப்படும் சொல் பிறிதொன்றில்லை. ஒரு பொருளின் முன் அச்சொல்லை ஒட்டிவிட்டால், அதன் பின் வினாவுக்கே இடமில்லை என்று கருதுவோர் பெருகிவிட்டனர். சொற்களை ஆராய்வதையே கல்வியாகக் கொண்ட கலைப்பீடத்தார் இதனைக் கண்டும் காணாதிருத்தல் முறையன்று. ஆதலால் மிகச் சிறியதெனத் தோன்றும் ஓர் எடுத்துக்காட்டை இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

பிரித்தானியாவில் வீட்டுத் தேவைக்குப் பியர் ஆக்குவதற்கிருந்த அனுமதிப்பத்திர முறை 1963ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதன் பின்னர் பியரும் பழமதுவும் தேன்மதுவும் வீட்டில் ஆக்குதல் அங்கு பலரது பொழுதுபோக்காயிற்று. தேனிலும் வெள்ளைச் சீனியிலும் இனிப்பு உண்டு. ஆனால் நொதித்தலை நிகழ்த்தும் மதுவத்துக்கு வேண்டிய நைதரசன் மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அக்குறையை நிரப்ப அமோனியம் பொசுபேற்று போன்ற உப்புகளை இடுவர். "கடையில் விற்கும் இரசாயனம் எதற்கு? கடற்கரையிற் சென்று இலை பறித்துக் கொதிநீரில் இட்டால் போதும், இயற்கையே மதுவத்துக்கு உணவூட்டும்" என்கின்றனர் ஒரு சாரார். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆனால் அது உண்மைதானா?

மதுவம் எதை உண்கிறது என்பது ஊகத்துக்குரிய விடயமன்று. 1860ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர், சீனியும் ஓர் அமோனிய உப்பும் மதுவத்தின் சாம்பலும் மட்டுமே கலந்த நீரில் மதுவம் வளர்வதைக் காட்டினார். லீபிக் என்னும் பேரறிஞர் அதனை மறுத்தார். ஆயினும் நிலைத்தது பாஸ்டரின் முடிவே. மதுவம் தன் உணவின் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. நைதரசன் எந்த வடிவில் வருகிறது என்பதொன்றே அதன் வினா. அமோனியம் வந்தால் ஏற்கும், பெரும்பாலான அமினோ அமிலங்களை ஏற்கும், ஏனைய பலவற்றைத் தீண்டாது.

இனி இலையைப் பார்ப்போம். பீற்றூட்டின் காட்டு உறவான கடற்கரைக் கீரையும், சேற்று நிலத்து உவர்ச்செடிகளும் அங்கு விரும்பிப் பறிக்கப்படுபவை. எங்கள் களப்போரங்களில் வளரும் உமரியும் அக்குடும்பத்ததே. இவற்றின் நைதரசனிற் பெரும்பங்கு புரதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. புரதத்தை உடைத்து உண்ணும் ஆற்றல் பியர் மதுவத்துக்கு இல்லை. இன்னொரு பங்கு நைத்திரேற்று. அதையும் அது பயன்படுத்தாது. உவர் நிலத்தின் கொடுமையைத் தாங்குவதற்காக இச்செடிகள் பீற்றெயின், புரோலின் என்னும் பொருள்களைச் சேமிக்கின்றன. முன்னையது மதுவத்துக்கு உணவன்று. பின்னையதை உண்ண ஒட்சிசன் வேண்டும், மூடிய கலத்தில் அது கிடையாது. செடிக்கு உயிர் காக்கும் செல்வம் மதுவத்துக்கு வெறுங்கல்லாகிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நொதித்தல் தடையின்றி நிகழ லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவில் ஏற்கத்தக்க நைதரசன் வேண்டுமென்பது மது ஆக்குவோர் வழங்கும் பொதுவிதி. 10 லீற்றருக்கு அது 1.5 கிராம். பச்சை இலை 100 கிராமில் ஏறத்தாழ 0.3 கிராம் நைதரசன் உண்டெனவும், அதிற் பத்திலொன்றே மதுவத்துக்கு உதவுமெனவும் வைத்துக்கொண்டால், 5 கிலோகிராம் இலை வேண்டும்! அவ்விலையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பிருந்தாலே 50 கிராம் உப்பு கலத்திற் சேரும். மதுவுக்குப் பதில் உவர்க் கஞ்சியே கிடைக்கும். ஒரு கைப்பிடி இலையைப் போட்டுவிட்டு நொதித்தல் நன்கு நடந்ததென்று மகிழ்வோர், இலை இன்றியும் அது அவ்வாறே நடந்திருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா? சிறிதளவு மக்னீசியமும் துத்தநாகமும் இலையிலிருந்து கிடைக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பசித்தவனுக்குச் சோறின்றி ஊறுகாய் பரிமாறுவது விருந்தாகாது.

"முன்னோர் கடற்றாவரங்களை மதுவில் இடவில்லையா?" என்பது அடுத்த வாதம். இட்டனர், எதற்காக என்பதே கேள்வி. ஐரிஷ் பாசியைக் கொதியின் இறுதியில் இடுவது பியரைத் தெளிவிக்க. ஸ்கேவி நோய்க்கு மருந்தான கடற்கரைப் பூண்டை முற்காலத்தில் ஏல் மதுவில் இட்டது குடிப்பவனின் நலத்துக்காக, மதுவத்தின் நலத்துக்காக அன்று. எங்கள் நாட்டிலே பதனியிடும் 'ஹல்' மரப்பட்டையும், யாழ்ப்பாணத்தார் முட்டியிற் பூசும் சுண்ணாம்பும் நொதித்தலைத் தடுப்பதற்கே. முன்னோர் எப்பொருள் எவ்விளைவைத் தரும் என்று பார்த்து இட்டனர். அவர்களது பெயரால் பாராமல் இடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று.

பனங்கள்ளுக்கு எவரும் மதுவவுணவு தேடுவதில்லை. பாளையிலிருந்து வடியும் சாறு, சீனியோடு அமினோ அமிலங்களையும் விற்றமின்களையும் தானே கொண்டு வருகிறது. சில மணி நேரத்தில் முட்டியிலேயே நொதிக்கிறது. மாறாக, கசிப்புக் கோடா வெறுஞ் சீனிக் கரைசல்; ஆகவேதான் அதில் யூரியா இடும் கொடுமை நிகழ்கிறது. யூரியா அற்ககோலோடு சேர்ந்து எதைல் காபமேற்று என்னும் நச்சுப் பொருளைத் தருகிறது; கனடா 1985இல் மதுவகைகளில் அதற்கு வரம்பு விதித்தது. இரசாயனத்துக்கு அஞ்சுவோரின் அச்சம் இங்கு நியாயமானதே. ஆனால் யூரியா தீதென்பதால் இலை நன்றென்று ஆகிவிடாது. தீர்வு தேடிக் கடற்கரைக்குப் போகவும் வேண்டியதில்லை: முந்திய கலத்தின் அடியிற் படியும் மதுவ மண்டியைக் கொதிக்கவைத்து இட்டால், இறந்த மதுவமே புதிய மதுவத்துக்கு உணவாகும். அதுவும் இயற்கைதான், ஆயின் ஆராய்ந்து அறிந்த இயற்கை.

அனுமதியின்றி மது ஆக்குதல் குற்றமாயுள்ள இந்நாட்டில் இவ்வளவு வாதம் எதற்கென்று சிலர் வினவக்கூடும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், இதே 'இயற்கை'யின் பெயரால் இரசாயனப் பசளை இறக்குமதி இங்கு ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. பயிருக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும், சேதனப் பசளை அதனை எவ்வடிவில், எவ்வளவு விரைவில் தரும் என்று அன்று கேட்டோரின் குரல் எடுபடவில்லை. நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் பெரும்போகம் பாழாகிவிட்டது, நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. கலத்தில் நேரும் தவற்றின் விலை ஒரு வாளி புளித்த நீர். வயலில் நேர்ந்த அதே தவற்றின் விலையை உழவன் கொடுத்தான்.

எனவே 'இயற்கை' என்ற சொல்லோடு வருவோரிடம் நாம் கேட்கவேண்டியவை இரண்டு: எவ்வடிவில்? எவ்வளவு? இவற்றுக்கு விடை தருபவரோடு உரையாடுவோம். விடை தராது சொல்லை மட்டும் உரத்துக் கூறுபவர், கடற்கரையில் நின்றாலென்ன, அரசாங்க ஆசனத்தில் அமர்ந்தாலென்ன, மறுக்கப்பட வேண்டியவரே.