சார்ஜ் என்னும் முக்காடு

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பத்தில் ஓர் அன்பர் தவணைக் கடைச் சீட்டொன்றை என்முன் நீட்டினார். “ஹஜ்ரத், இதில் வட்டி என்ற சொல்லே கிடையாது, எல்லாம் சார்ஜ்தான். வாங்கலாமல்லவா?” என்றார். கூடாது என்றேன். அவரைப் போலவே மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்போர் நம்மிற் பலர். ஆகவே காரணத்தை இங்கே எழுத நேர்ந்தது.

இந்த ஒரு சொல்லை எத்தனை வேலைக்கு ஏவுகிறோம்! பஸ்ஸுக்குச் சார்ஜ், கரண்டுக்குச் சார்ஜ். போலீஸார் தடியெடுத்தால் சார்ஜ். அவர்கள் நீதிமன்றத்தில் வைப்பது சார்ஜ் ஷீட். அதிகாரி பதவியேற்றால் சார்ஜ் எடுத்தார் என்கிறோம். கைப்பேசி அணைந்தால் அதற்கும் சார்ஜ். கட்டணம், தடியடி, குற்றப்பத்திரிகை, பொறுப்பு, மின்னூட்டம் என்று தமிழில் தனித்தனிப் பெயர்கள் இருக்க, அனைத்தையும் ஒரே சாக்கில் திணித்தோம். திணித்த சாக்கே இன்று வட்டி வாங்குவோருக்குச் சாக்காகிவிட்டது.

அச்சொல்லின் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதாகும். அரபியிலும் மின்னூட்டத்துக்கு அதே கதைதான். யாஸீன் சூராவில், நிரம்ப ஏற்றப்பட்ட கப்பலைக் குறிக்க வரும் ‘மஷ்ஹூன்’ என்ற சொல் ஓதப்படாத முஸ்லிம் வீடு உண்டா? அதே வேரில் பிறந்த ‘ஷஹ்ன்’ என்பதையே இன்றைய அரபிகள் கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கு வழங்குகின்றனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களும் ‘ஏற்றம்’ என்றே எழுதுகின்றன. சொல்லில் அவர்கள் நம்மினும் கவனமுடையோர். ஆனால் அரபி, கடனை ‘தைன்’ என்றும் கூலியை ‘உஜ்ரத்’ என்றும் வட்டியை ‘ரிபா’ என்றும் பிரித்தே வைத்தது. மார்க்கச் சட்டம் முழுதும் அந்தப் பிரிவின்மேல் நிற்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி 1962 முதல் மின்சாரமாகி வருகிறது. எரித்த யூனிட்டுக்கு நாம் கொடுப்பது விலை, குற்றமில்லை. மளிகைக் கடையில் மாதம் முழுதும் பற்றெழுதி வாங்கி, சம்பள நாளில் எழுதிய தொகையைக் கொடுத்துத் தீர்ப்பது கடன், அதிலும் குற்றமில்லை. கடனை எழுதிவைக்கப் பணிப்பதுதான் திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282). நாள் தள்ளியதற்காகக் கடைக்காரர் ஒரு காசு கூட்டினால், அங்கே ரிபா நுழைகிறது.

அன்பரின் சீட்டில் ‘பிராசஸிங் சார்ஜ்’ இருந்தது. எழுத்து வேலைக்கு உள்ளபடியான கூலியென்றால் அது உஜ்ரத், நான் மறுக்கவில்லை. அடுத்த வரியில் ‘லேட் சார்ஜ்’. நாள் ஏற ஏற வளர்ந்து, கடன் கொடுத்தவர் பைக்கே போகும் தொகை அது. அதற்கு வேறென்ன பெயர்?

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தவணை தவறியோர்மீது விதிக்கும் அபராதம் வட்டியாக இருத்தலாகாது, ‘பீனல் சார்ஜ்’ என்றே இருக்க வேண்டும், அதன்மேல் மீண்டும் வட்டி ஏறலாகாது என்பது அதன் சாரம். கடனாளியின் முதுகொடியாமல் காக்க வந்த ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் பெயர் மாறியதால் ஹராம் ஹலாலாயிற்று என மகிழ்வது பேதைமை. ஒப்பந்தங்களில் கருத்தே கொள்ளப்படும், சொல்லன்று என்பது ஃபிக்ஹு விதி. உஸ்மானியரின் ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு அதை மூன்றாம் விதியாக வைத்திருக்கிறது.

“அப்படியானால் ஏழை எங்கே போவான், ஹஜ்ரத்?” என்று கேட்டார் அன்பர். நியாயமான கேள்வி, அவரைக் கடிந்து பயனில்லை. மினாராவுக்கு வண்ண விளக்குப் போட நிதி திரட்டும் நம் ஜமாஅத்துகளில், வட்டியில்லாக் கடனுக்கென ஒரு பெட்டி வைத்தவை எத்தனை? இதைக் கூட்டத்தில் எழுப்பிப் பாருங்கள். “நல்ல யோசனைதான், யார் சார்ஜ் எடுப்பது?” என்பார்கள்.