நீரைக் கலக்கும் வானதூதர்

நியூயார்க் மாநகரின் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவில், ஏரியை நோக்கிய கல் பாவிய முற்றத்தில், வெண்கல வானதூதர் ஒருவர் சிறகு விரித்து நிற்கிறார். எட்டு அடி உயரம். ஒரு கையில் லீலி மலர். மற்றக் கை கீழே வழியும் நீரை ஆசீர்வதிப்பதுபோல் நீண்டிருக்கிறது. காலடியில் அடக்கம், தூய்மை, உடல்நலம், அமைதி ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு குழந்தை உருவங்கள். பெத்தெஸ்தா நீரூற்று என்பது இதன் பெயர்.

பெயரைக் கேட்டதுமே அருளப்பர் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் வாசகர்களின் நினைவுக்கு வந்திருக்கும். ஐந்து மண்டபங்கள் உள்ள குளம்; கரையிலே நோயாளர் கூட்டம்; வானதூதர் நீரைக் கலக்கியதும் முதலில் இறங்குபவன் குணமடைவான். (வானதூதரைப் பற்றிய அவ்வசனம் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை, ஆதலால் இன்றைய மொழிபெயர்ப்புகள் பல அதனை அடிக்குறிப்பில் வைக்கின்றன.)

வாணிபமே மூச்சாகக் கொண்ட அந்நகருக்கு இக்காட்சி ஏன் தேவைப்பட்டது? குடிநீருக்காக அது பட்ட பாடுதான் காரணம். 1799-இல் ஆரன் பர் என்னும் அரசியல்வாதி, நகருக்கு நல்ல நீர் தருவதாகச் சொல்லி ஒரு கம்பெனிக்கு உரிமைச் சாசனம் பெற்றார். மிஞ்சிய மூலதனத்தை வேறு தொழிலிலும் இடலாம் என்ற ஒரு வரி அதில் நுழைந்திருந்தது. அவ்வாண்டிலேயே வங்கி திறந்தாயிற்று! நீரோ, குடைந்த மரக்குழாய்களில் குறைவாகவும் தரமற்றதாகவும் வந்தது. நீர் பெயரளவில், வங்கி நிஜமாக.

1832-இல் காலரா வந்தது. ஏறக்குறைய 3,500 பேர் மாண்டனர். இறந்தோருள் ஏழைகளே மிகுதி. அயர்லாந்திலிருந்து குடியேறிய நம் கத்தோலிக்க மக்களும் அவர்களுள் பலர். குடியாலும் ஒழுக்கக்கேட்டாலும் அவர்கள் தாமே தேடிக்கொண்ட தண்டனை இது என்று கனவான்கள் பேசினர். நோய் நீர்வழியே பரவுவதை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயைக் கொண்டு காட்டியது 1854-இல்தான். பிணியாளனைக் கண்டதும் அவனது பாவத்தைக் கணக்கிடும் வழக்கம் நம்மிடையேயும் இல்லாமற் போகவில்லை.

பின்னர் குரோட்டன் ஆற்றை மறித்து, 41 மைல் நீளமுள்ள கால்வாய் கட்டினர். இயந்திரம் எதுவுமின்றி, மைலுக்கு 13 அங்குலம் என்ற மெல்லிய சரிவிலேயே நீர் நகருக்கு வந்தது. மண்ணைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தூற்றப்பட்ட அதே அயர்லாந்து மக்கள்! 1842 அக்டோபரில் நகரமே விழாக் கொண்டாடிற்று. ஆயினும் 1849-இல் காலரா மீண்டும் வந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நீர் நகருக்கு வந்துவிட்டது. ஏழையின் வீட்டுக்கு வரவில்லை. இணைப்புக்குப் பணம் கட்ட அவனால் இயலவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று 38 ஆண்டு நோயாளி ஆண்டவரிடம் முறையிட்டதும் இதே குறையைத்தானே?

குரோட்டன் நீருக்கு நன்றியாகவே இச்சிலை எழுந்தது. வடித்தவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்னும் பெண்மணி. அந்நகரில் பெரியதொரு பொதுச் சிற்பப் பணியைப் பெற்ற முதல் பெண் இவரே. பூங்கா நிர்வாகத்தில் தலைமை வகித்தவர் இவருடைய சகோதரர் என்பதால் முணுமுணுப்பும் எழாமலில்லை. ரோமையில் உருவமைத்து, மூனிக் நகரில் வார்க்கப்பட்டு, 1873 மே 31-இல் சிலை திறக்கப்பட்டது. பெத்சதாக் குளத்தையும் குரோட்டன் நீரையும் ஒப்பிட்டு விழாக் கையேட்டில் எழுதினார் எம்மா. திறப்பைக் கண்ட பத்திரிகைகளிற் சில குறை கூறின. அவர் அதற்குப்பின் பெரும் படைப்பு எதையும் தரவில்லை. புற்றுநோயால் வாடிய தம் தோழியும் நடிகையுமான சார்லட் குஷ்மனைப் பேணுவதில் ஆண்டுகளைச் செலவிட்டு, 1882-இல் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் நகரின் பண நெருக்கடியோடு பூங்காவும் சீரழிந்தது. ஊற்று பல பத்தாண்டுகள் வறண்டு கிடந்தது. வானதூதர் கை நீட்டியபடியே நின்றார். ஆசீர்வதிக்க நீர்தான் இல்லை. 1980-இல் பூங்காவைக் காக்க ஒரு சங்கம் அமைந்தது. அதன் முதற் பணிகளுள் ஒன்றாக ஊற்று செப்பனிடப்பட்டு, 1981-இல் நீர் மீண்டும் பாய்ந்தது.