மூச்சுக்கும் வேண்டும் புனர்வாழ்வு

புனர்வாழ்வு என்னும் சொல் எமது மக்களுக்குப் புதியதன்று. மேடைகளிலும் மகஜர்களிலும் ஆண்டுக்கணக்காக அச்சொல்லைக் கேட்டு வருகிறோம். இடம்பெயர்ந்தோருக்குப் புனர்வாழ்வு, தொழிலிழந்தோருக்குப் புனர்வாழ்வு, காலிழந்தோருக்குப் புனர்வாழ்வு என அதன் பட்டியல் நீண்டது. ஆயின், மூச்சிழந்து வாழ்வோருக்கும் ஒரு புனர்வாழ்வு உண்டு என்பதை எம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

அண்மையில் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவரைக் கண்டோம். நாற்பது ஆண்டு புகையிலைத் தோட்டம் செய்தவர். அந்த நாற்பது ஆண்டும் சுருட்டுப் பற்றியவர். ஒருகாலத்தில் சூத்திரக் கிணற்றிலிருந்து தோட்டத்தின் கடைசி வரம்பு வரை ஓடியோடித் தண்ணீர் கட்டிய கால்கள், இன்று திண்ணையிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் இருமுறை நிற்கின்றன. அவரிடம் மருந்து இருக்கிறது. வாயால் உறிஞ்சும் பம்பும் இருக்கிறது. அவர் எழுந்திருக்க முயன்றபோது வீட்டார் ஓடிவந்து, "அப்பு, எழும்பாதேங்கோ, ஆறுதலாய் இருங்கோ" என்று மீண்டும் அமர்த்தினர். அன்பினாற் செய்த காரியந்தான். ஆயினும் அந்த அன்பே அவரை நாளுக்கு நாள் முடமாக்குகிறது என்பதை அவருக்கோ வீட்டாருக்கோ எடுத்துச் சொல்வார் இல்லை.

இந்நோயை மருத்துவர் நாட்பட்ட சுவாசத் தடை நோய் என்பர். எமது ஊரார் தொய்வு என்றும் முட்டு என்றும் சொல்லிவிடுவர். ஆயின் தொய்வு வேறு, இது வேறு. தொய்வில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிப் பின் பெரிதும் பழைய நிலைக்குத் திரும்பும். இதிலோ குழாய்கள் நிரந்தரமாகக் குறுகியும், நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்தும் போகின்றன. உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேற இயலாது தங்கிவிடுகிறது. பழைய காற்று நிறைந்த நெஞ்சிலே புதிய காற்றுக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 35 இலட்சம் பேர். எழுபது வயதை எட்டுமுன் இந்நோய்க்குப் பலியானோரில் பத்தில் ஒன்பது பேர் வறிய, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

"சுருட்டுக் குடித்தவன் அனுபவிக்கிறான்" என்று கூறிக் கைகழுவ நினைப்போர் சற்று நிதானிக்க வேண்டும். குடாநாட்டுப் பொருளாதாரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பயிர்களுள் புகையிலையும் ஒன்று. அதை விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தோம், கல்வீடு கட்டினோம், கோயிற் திருவிழாக்களும் செய்தோம். குடில்களிலே பொச்சுமட்டை எரித்துப் புகையிலைக்குப் புகைபோட்டவனின் நெஞ்சில் என்ன தங்கியது என்று அன்று எவரும் கேட்டதில்லை. அன்றியும், சுருட்டை வாயில் வைத்தே அறியாத எமது தாய்மாரின் நிலை என்ன? விடியற்காலையிற் பனைமட்டையும் கங்குமட்டையும் மூட்டி, ஊதுகுழலால் அடுப்பை ஊதி ஊதிப் புட்டவித்தவர்கள் அவர்கள். 2022இல் எரிவாயு கிடையாது நாடே வரிசையில் நின்றபோது, விறகடுப்பை விட்டொழித்த வீடுகளும் மீண்டும் அதனிடமே சரணடைந்தன. பழைய காசநோயின் வடுவைச் சுமப்போரும் இக்கூட்டத்தில் உளர். இவர்களுள் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

சிதைந்த நுரையீரலை மீண்டும் புதிதாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதைக் கேட்டதும் நம்பிக்கை இழப்பது இயல்பே. ஆனால் நோயாளியை வீழ்த்துவது நுரையீரல் மட்டுமன்று. நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆகவே நடப்பதை விடுகிறார். நடவாத கால்களின் தசை வற்றுகிறது. வற்றிய தசை சிறு வேலைக்கும் அதிகக் காற்றுக் கேட்கிறது. மூச்சு மேலும் வாங்குகிறது, அச்சம் பெருகுகிறது, திண்ணையே உலகமாகிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் இயன்மருத்துவத்தின் பணி. நுரையீரலை மாற்ற முடியாது. கால்களையும் கைகளையும் மூச்சுவிடும் முறையையும் மாற்றலாம்.

அது என்ன மாயவித்தை என்று எண்ண வேண்டா. முதலில் மருத்துவர் இருதயத்தையும் இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவையும் பரிசோதிப்பார். ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று இயன்மருத்துவர் அளப்பார். அவ்வளவைக் கொண்டு நடைப்பயிற்சி வகுக்கப்படும். கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், படி ஏறி இறங்கல், தண்ணீர்ப் போத்தலைக் கையிற் பிடித்துத் தூக்கல் ஆகியன தசைக்கு உரம் தருவன. மூக்கினால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது என்ற அளவில் மெல்ல மெல்ல வெளியே விடப் பழக்குவர். இதனால் குறுகிய குழாய்கள் இடையில் மூடிக்கொள்ளாது திறந்திருக்க, தங்கிய காற்று வெளியேறுகிறது. அடுப்பூதி நோயுற்ற தாய்க்கு அந்த ஊதலையே மருந்தாகக் கற்பிக்கும் விந்தை இது! மூச்சு முட்டும் வேளையில் முன்சாய்ந்து முழங்காலிற் கைவைத்து அமரும் முறை, பம்பைச் சரியாக உறிஞ்சும் முறை, புகைத்தலைக் கைவிடும் வழி யாவும் இதனுள் அடங்கும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இதுவே பயிற்சியின் அளவு.

பயன் உண்டா என்ற கேள்விக்கு உலகம் விடை கண்டுவிட்டது. ஒருகாலத்தில் மேனாட்டு மருத்துவரும் "ஓய்ந்திரு" என்றே சொன்னார்கள். 1950களில் அமெரிக்க மருத்துவர் அல்வன் பராக் போன்றோர் அதை மறுத்து, நோயாளிகளை நடக்கச் செய்தனர். 2015இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 65 பரீட்சைகளையும் 3,822 நோயாளிகளையும் ஒருங்கே ஆராய்ந்தது. பயிற்சி பெற்றோர் ஆறு நிமிடத்தில் மற்றோரைவிடச் சராசரி 44 மீற்றர் அதிகம் நடந்தனர்; மூச்சுத்திணறலும் களைப்பும் குறைந்தன. 44 மீற்றர் அற்பம் என்பீர்களோ? திண்ணைக்கும் கிணற்றடிக்கும் இடையிலுள்ள தூரம் அதனிலும் குறைவு. இன்னொருவர் கைபிடியாமல் தானே குளிக்கப் போவது ஒரு மனிதனுடைய மானம் சம்பந்தப்பட்ட விடயம்.

இத்தகைய பணிக்கு நாம் அந்நியரும் அல்லர். 1987 முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் காலிழந்தோருக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்கி வருகிறது. அங்கே எவரும் "கால் போய்விட்டது, ஆறுதலாய் இரு" என்று சொல்வதில்லை. வெளியே தெரியும் ஊனத்துக்கு நாம் கற்றுக்கொண்ட பாடத்தை, உள்ளே மறைந்திருக்கும் ஊனத்துக்கும் ஏன் நீட்டிக்கக் கூடாது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். யாழ்ப்பாண நகரத்தில் எத்துணை சிறந்த சிகிச்சை கிடைத்தாலும், நெடுந்தீவுக் கிழவர் வாரம் இருமுறை படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பின் பஸ் ஏறி வருவது நடவாத காரியம். மூச்சு முட்டுபவனை மூச்சு முட்ட அழைத்து மூச்சுப் பயிற்சி கொடுப்பது கேலிக்கூத்து. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் வாரம் இருநாள் இப்பயிற்சி நடைபெற வேண்டும்; தீவகத்துச் சிறு வைத்தியசாலைகளுக்கு இயன்மருத்துவர் குறித்த நாளிற் செல்ல வேண்டும். இதற்கு மாளிகை வேண்டியதில்லை. ஒரு நீண்ட விறாந்தை, சில கதிரைகள், ஒரு மணிக்கூடு, விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் சிறு கருவி ஆகியன போதும். வேண்டியது ஆள். இயன்மருத்துவர் பதவிகளில் எத்தனை நிரம்பின, எத்தனை வெறுமையாயின என்பதை அதிகாரிகள் பகிரங்கமாக வெளியிடட்டும்.

போதனா வைத்தியசாலை மத்திய அரசாங்கத்தின் கையில். ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில். முதலாவது வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின், மக்கள் தெரிந்தெடுத்த சபையின்றி ஆண்டுகள் பல கழிந்தன. கேள்வி கேட்க மன்றமில்லாத இடத்தில், உரத்துக் கத்த மூச்சில்லாதவனின் குறை எவர் செவியில் விழும்? பெரும் உரிமைகளைப் பேசும் எமது பிரதிநிதிகள் இச்சிறு உரிமையையும் பேசட்டும். வைத்தியசாலைக்குள் நிகழும் சிறு அநீதிக்கு வாய் திறவாதவர்கள் பெரிய அநீதிக்கு எவ்வாறு போராடுவர்?

பழியனைத்தையும் அரசாங்கத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவதும் முறையன்று. 1847இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழிலேயே மருத்துவ நூல்களை ஆக்குவித்தார். அம்மரபின் வழிவந்த எமது மருத்துவர்கள், இப்பயிற்சிகளை எழுத்தறிவு குறைந்தவரும் விளங்கும் தமிழில், படங்களோடு துண்டுப் பிரசுரமாக்கி ஊரெங்கும் பரப்பலாம். சனசமூக நிலையங்கள் மாலையில் ஒரு மணி நேரம் தம் முற்றத்தை ஒதுக்கலாம்; பயிற்சி முடித்தவர் தொடர்ந்து நடக்க அது உதவும். தொடராது விட்டால் பெற்ற பயன் மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.

வீட்டாரின் கடமையோ இன்னும் எளியது. மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தபின், "எழும்பாதேங்கோ" என்பதை விடுத்து, "வாருங்கோ அப்பு, படலை மட்டும் நடந்து வருவம்" என்று கை கொடுங்கள். நாளை படலை, மறுநாள் ஒழுங்கை முடக்கு, பின்னொரு நாள் கோயில் வாசல். தோட்டத்து வரம்பில் ஓடி எம்மை வளர்த்த கால்களுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.